வாஃபிள் அச்சையும் தோசைக்கல் மாதிரியே பழக்குங்கள்

பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையின் வாஃபிளை யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஜொகூரில் எங்கள் செனாயிலும் சரி, பக்கத்தில் கூலாயிலும் சரி, கடைக்காரர் அச்சைத் திறந்ததும் எழுகிற அந்த வாசம் ஆளை நகர விடாது. மார்ஜரின் ஒரு பூச்சு, காயா என்ற தேங்காய்ப்பால் ஜாம் ஒரு பூச்சு, மேலே இடித்த நிலக்கடலை. ரெண்டாக மடித்துக் காகிதப் பையில் போட்டுக் கையில் கொடுப்பார். அங்கேயே நின்று தின்றால் மொறுமொறு. பிள்ளைகளுக்கு என்று கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தால் பைக்குள் அடைந்த ஆவியிலேயே ஊறி, தொளதொளவென்று கிடக்கும். வாஃபிளின் ஆயுசே அவ்வளவுதான். அச்சிலிருந்து வாய்க்கு வருகிற தூரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு ருசி. அதனால் வீட்டிலேயே சுடுவது என்று முடிவு செய்தால், அடுத்த கேள்வி எதில் சுடுவது என்பது.

கடைகளில் மின்சார இயந்திரம் வகைவகையாகக் கிடைக்கிறது. விளக்கு எரியும், மணி அடிக்கும், சுலபம்தான். ஆனால் உள்ளே இருப்பது ஒட்டாத பூச்சு. நாள்பட நாள்பட அந்தப் பூச்சு தேயும். தேய்ந்தபின் அதற்கு வைத்தியம் கிடையாது, தூக்கிப் போட வேண்டியதுதான். அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் ஆசையாக வாங்கி வந்தாலும் அந்த நாட்டு இயந்திரம் 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் வீட்டு மின்சாரம் 230. வார்ப்பிரும்பு அச்சுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. மின்சாரம் போன ராத்திரியிலும் கேஸ் அடுப்பில் வேலை செய்யும். பேரப்பிள்ளை காலம்வரை இருக்கும். இரும்புச் சாமானை வைத்துக்கொள்ளத் தெரிந்த வீட்டுக்கு இதைவிட நல்ல வாஃபிள் கருவி இல்லை என்பது என் உறுதியான கருத்து. நம் வீடுகளில் அது தெரியாதவர்கள் யார்?

என்னிடம் இருக்கும் அச்சைச் சொல்கிறேன். ரெண்டு வட்டத் தகடுகள், உள்பக்கம் கட்டம் கட்டமாகக் குழி. ஒரு முனையில் கீல், மறுமுனையில் கைப்பிடி. தகடுகளுக்கு அடியில் தனியாக ஒரு வளையம். அது அடுப்பின் மேல் உட்கார்ந்துகொள்ளும். கீலின் குண்டு அந்த வளையத்தின் குழியில் பொருந்தியிருப்பதால், கைப்பிடியைப் பிடித்துத் திருகினால் அச்சு முழுதும் இருந்த இடத்திலேயே தலைகீழாகும், தூக்க வேண்டியதில்லை. எடை இரண்டரை மூன்று கிலோ வரும் என்பதால் இந்த வசதி சின்ன விஷயம் இல்லை. நியூயார்க் மாநிலத்து டிராய் நகரைச் சேர்ந்த கொர்னீலியஸ் ஸ்வார்ட்வவுட் என்பவர், அடுப்பின் மேலேயே இப்படித் திருப்பிப் போடுகிற அச்சுக்கு 1869 ஆகஸ்ட் 24இல் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் இன்றும் ஆகஸ்ட் 24ஐ வாஃபிள் நாள் என்று கொண்டாடுகிறார்கள். அதற்கு முன்னால் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக இருந்தது நீளக் கைப்பிடி இடுக்கி அச்சு. கணப்பில் நெருப்புக்கு நேரே நீட்டிப் பிடித்துச் சுடுவார்கள்.

அந்த இடுக்கி அச்சை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சீனப் பெருநாள் நெருங்கும்போது குவே காப்பிட் சுடுகிற வீடுகளில் இருப்பது அதுதான். கத்தரிக்கோல் மாதிரி நீளக் கை, முனையில் ரெண்டு வட்டத் தகடு, உள்ளே பூவும் பறவையும் செதுக்கியிருக்கும். அரிசி மாவு, முட்டை, சீனி, தேங்காய்ப்பால் கரைத்த தண்ணி மாவை ஒரு கரண்டி ஊற்றி இறுக்கி மூடி, ஓரத்தில் பிதுங்கியதைக் கத்தியால் வழித்துவிட்டு, கரி நெருப்பின்மேல் வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் திருப்புவார்கள். திறந்ததும் சூடாக இருக்கும்போதே எடுத்து நாலாக மடிக்க வேண்டும், ஆறினால் உடைந்துவிடும். ஒருவர் ஊற்ற, ஒருவர் நெருப்பைப் பார்க்க, ஒருவர் மடிக்க, ஒருவர் தகர டின்னில் அடுக்க என்று வீடே உட்கார்ந்து செய்கிற வேலை. டச்சுக்காரர்கள் 1641இல் மலாக்காவைப் பிடித்தார்கள். அவர்கள் நாட்டில் புத்தாண்டுக்கு இதே மாதிரி மெல்லிசாகச் சுட்டுச் சுருட்டுகிற பலகாரம் உண்டு. குவே காப்பிட்டின் அச்சு அவர்கள் வழியாக இந்தப் பக்கம் வந்திருக்க வேண்டும் என்று உணவு வரலாறு எழுதுபவர்கள் பலர் சொல்கிறார்கள். ரெண்டு அச்சையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எனக்கும் நம்பத்தான் தோன்றுகிறது. வாஃபிளை நேற்று வந்த வெள்ளைக்காரப் பலகாரம் என்று நினைக்கிறோம். அதன் உறவுக்காரியை நம் அண்டை வீட்டில் எத்தனையோ தலைமுறையாகச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள்!

நான் வாஃபிள் அச்சைக் கையில் எடுத்தபோது சரியான பாடம் கிடைத்ததும் அந்த அண்டை வீட்டிலிருந்துதான். செனாய் ஹக்கா சீனர்கள் நிறைய வாழ்கிற ஊர். பக்கத்து வீட்டு ஆன்ட்டி வருஷா வருஷம் குவே காப்பிட் சுடுபவர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என் அடுப்பை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆப்பி கெச்சில், ஜாங்கான் செலாலு பூக்கா" என்றார். தீ சின்னதாக இருக்கட்டும், சும்மா சும்மா திறக்காதே. வாஃபிள் சுடுவதைப் பற்றி நான் படித்த எதுவும் இந்த ரெண்டு கட்டளையைத் தாண்டவில்லை.

அச்சைப் பழக்குவது எப்படி என்று கேட்டதற்கு என் மாமியார் சொன்னது இன்னும் சுருக்கம்: "கல்லை எப்படிப் பழக்குவியோ அப்படியே பழக்கும்மா, வேற என்ன இருக்கு?"

அதை விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இங்கேதான் மனசு விட்டுப்போகிறார்கள். புது அச்சின்மேல் துரு பிடிக்காமல் இருக்கக் கடையில் ஒரு எண்ணெயோ மெழுகோ பூசியிருப்பார்கள். சுடுதண்ணீரும் சோப்பும் போட்டு, குழிக்குள் பழைய பல்துலக்கியை விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். தோசைக்கல்லுக்குச் செய்கிற மாதிரி அரிசி களைந்த தண்ணீரிலோ வடித்த கஞ்சியிலோ ஒரு ராத்திரி ஊறப்போடும் வழக்கமும் உண்டு. ஆனால் இந்த ஊர் ஈரத்தில் கீலில் துரு ஏறிவிடும் என்பதால் வாஃபிள் அச்சுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். கழுவியதும் துடைத்து, அடுப்பில் வைத்து ஈரம் முழுக்கப் போக்குங்கள். பிறகு எண்ணெய். பூசுங்கள், பூசியதும், பூசவே இல்லை என்று நினைத்துக்கொண்டு துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு மிஞ்சினால் போதும். அதைத் தீயில் வைத்து, புகை கிளம்பி அடங்கும்வரை ரெண்டு பக்கமும் காய்ச்சுங்கள். ஆறவிட்டு மறுபடி பூசித் துடைத்துக் காய்ச்சுங்கள். நாலைந்து முறை செய்தால் சாம்பல் நிறம் போய்க் கருப்பு ஏறும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், புகை நிறையவே வரும்.

எந்த எண்ணெய் என்பது முக்கியம். செனாயைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் செம்பனைத் தோட்டம்தான். வீட்டில் இருப்பதும் செம்பனை எண்ணெய்தான். பொரிக்க அது அருமை. அச்சைப் பழக்க அது சுமார்தான். சூட்டில் எண்ணெய் காற்றோடு கலந்து இறுகி, இரும்போடு ஒட்டிய ஒரு கெட்டிப் படலமாக மாறுவதைத்தான் நாம் பழகுவது என்கிறோம். அப்படி இறுக நிறைவுறாக் கொழுப்பு வேண்டும். செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் அது 90 விழுக்காட்டை ஒட்டி நிற்கும், அதனால் அது இன்னும் சரிப்படாது. நல்லெண்ணெயில் 15 விழுக்காடு அளவுதான். புதுத் தோசைக்கல்லில் நல்லெண்ணெயை ஊற்றி வெங்காயத்தை வைத்துத் தேய்த்த நம் பாட்டிமார்கள் வேதியியல் படிக்கவில்லை. சரியான எண்ணெயைத்தான் எடுத்தார்கள். நல்லெண்ணெய் இல்லையென்றால் சூரியகாந்தியோ சோயாவோ போதும். எதுவானாலும் தடிமனாகப் பூசாதீர்கள். பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு, மாவையும் ஒட்டவைக்கும்.

இனி சூடு. வார்ப்பிரும்பு மெதுவாகக் காயும். அலுமினியம் அதைவிட மூன்று நான்கு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். இரும்பில் தீ படுகிற இடம் முதலில் கொதிக்கும், ஓரம் பின்னால்தான் வரும். பெரிய தீ வைத்து அவசரப்படுத்தினால் நடுவில் கருகி ஓரத்தில் வெளுத்த வாஃபிள் கிடைக்கும். நம்ம வீட்டு கேஸ் அடுப்புகளின் பெரிய பர்னர் குழம்புக்கும் பொரியலுக்கும் செய்தது. அதைக் குறைத்து வையுங்கள், அல்லது சின்னப் பர்னருக்குப் போய்விடுங்கள். மூடிய அச்சை ஒரு பக்கம் ஐந்து நிமிஷம், திருப்பி இன்னொரு பக்கம் ஐந்து நிமிஷம் காயவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் அது உட்கார்ந்து கொதிக்காமல் உருண்டு ஓடி மறைய வேண்டும். மெதுவாகக் காய்ந்த இரும்பு மெதுவாகத்தான் ஆறும் என்பதுதான் இதன் பெரிய பலம். குளிர்ந்த மாவை ஊற்றினாலும் சூடு சட்டென்று விழாது. அடிமாவு உடனே இறுகி மேல்தோல் ஆகிவிடும், உள்ளே மெத்தென்று இருக்கும். மின்சார இயந்திரங்கள் பலவற்றில் எனக்குக் கிடைக்காத மொறுமொறுப்பு இதில் கிடைப்பது இதனால்தான்.

தீபாவளிக்கு அச்சு முறுக்கு சுட்டவர்களுக்கு இது புதிசு இல்லை. அந்தப் பூ அச்சை எண்ணெயிலேயே வைத்துக் காய்ச்சி எடுத்து மாவில் நனைக்கிறோம். அச்சு காயாவிட்டால் மாவு பிடிக்காது, அதிகம் காய்ந்தாலும் வழுக்கிவிடும், பதம் பார்ப்பது முழுக்க உலோகத்தின் சூட்டில். அந்தக் கணக்கை அறிந்த கைக்கு வாஃபிள் ஒரு காலைப்பொழுதில் வசப்படும்.

மாவுக்கு வருவோம். இங்கே நாங்கள் விரும்புவது தேங்காய்ப்பால் வாஃபிள். மைதா 200 கிராம், அரிசி மாவு 50 கிராம், சீனி மூன்று மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் ரெண்டு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. தனியாக ரெண்டு முட்டை, 350 மில்லி தேங்காய்ப்பால், 60 மில்லி எண்ணெய். கடையில் விற்கிற 200 மில்லி தேங்காய்ப்பால் பெட்டி ஒன்றுக்கு 150 மில்லி தண்ணீர் சேர்த்தால் அளவு சரியாக வரும். அந்தத் தண்ணீரில் நாலைந்து பண்டான் இலையை அரைத்து வடிகட்டிச் சேர்த்தால் நிறமும் மணமும் வேறு எங்கோ போய்விடும். உலர்ந்ததையும் ஈரமானதையும் கலந்தபின் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். கட்டி லேசாக இருந்தாலும் பரவாயில்லை. அதிகம் கலக்கினால் மைதா இழுவை பிடித்துத் தோல் மாதிரி ஆகும். அரிசி மாவு சேர்ப்பது மொறுமொறுப்புக்கு. சீனியைக் கூட்ட ஆசை வரும், கூட்ட வேண்டாம். சீனிதான் முதலில் கருகும், இரும்போடு ஒட்டிக்கொள்வதும் அதுதான். இனிப்பு வேண்டுமா, மேலே காயா பூசிக்கொள்ளுங்கள்.

ஊற்றுவதற்கு முன் ரெண்டு தகட்டிலும் எண்ணெய் தொட்டுத் தேயுங்கள். அரைவெங்காயத்தை முள்கரண்டியில் குத்திக்கொண்டு தேய்ப்பது தோசைக்கு, வாஃபிளின் ஆழக் குழிக்கு அது போகாது. தூரிகைதான் வேண்டும், ஒவ்வொரு குழியின் மூலையும் நனைய வேண்டும். மாவை நடுவில் ஊற்றி, ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டு, மூடி, உடனே திருப்புங்கள். உடனே என்பதை அழுத்திச் சொல்கிறேன். திருப்பினால்தான் மாவு இறங்கி அடுத்த தகட்டின் குழிகளையும் நிரப்பும். தாமதித்தால் ஒரு பக்கம் கட்டம் கட்டமாகவும் மறுபக்கம் மொட்டையாகவும் வரும். ரெண்டரை நிமிஷம், திருப்பி இன்னொரு ரெண்டரை. அதுவரை திறக்காதீர்கள். ஓரத்திலிருந்து புஸ்ஸென்று வரும் ஆவியைப் பாருங்கள். மாவிலுள்ள தண்ணீர் வெளியேறுவதுதான் அது. ஆவி மெலிந்து கிட்டத்தட்ட நின்றபின் மெல்லத் தூக்கிப் பாருங்கள். பிடிவாதமாக ஒட்டியிருந்தால் இன்னும் வேகவில்லை என்று பொருள். இழுத்தால் ரெண்டாகக் கிழியும். மூடி இன்னொரு அரை நிமிஷம் விடுங்கள், தானாக விட்டுக்கொடுக்கும்.

எடுத்ததைத் தட்டில் அடுக்கக் கூடாது. கம்பி வலைமேல் தனித்தனியாகப் போடுங்கள். பசார் மாலாம் பைக்குள் நடந்தது தட்டிலும் நடக்கும், சொந்த ஆவியிலேயே நமத்துவிடும்.

என் வீட்டில் அதிகம் சுடுவது இட்லி மாவில்தான். புளித்த மாவு, தண்ணீர் விடாத கெட்டிப் பதம். பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, துருவிய கேரட், கொஞ்சம் இஞ்சி. அரிசியும் உளுந்தும் மைதாவைவிடப் பிடிவாதமாக இரும்பைப் பற்றும், அதனால் நல்லெண்ணெயைத் தாராளமாக விட வேண்டும். நேரமும் கூட வேண்டும், பக்கத்துக்கு நாலு நிமிஷம். வெளிவரும்போது மேலே பணியாரத்தின் முறுகல், உள்ளே இட்லியின் மென்மை. குழிகளில் சட்னி நிற்கிறது, சாம்பார் நிற்கிறது, மீன் குழம்பு இன்னும் நன்றாக நிற்கிறது. பள்ளிக்கூட டப்பாவில் மீதி வராத ஒரே இட்லி இதுதான் என்று சொல்வேன். சென்னையிலும் சிங்கப்பூரிலும் லண்டனிலும் இருக்கும் தமிழ் வீடுகளில் இதைச் சுடுகிறார்கள், பலர் மின்சார இயந்திரத்தில். ஒருமுறை இரும்பில் சுட்டுப் பாருங்கள் என்பேன். புளித்த மாவின் மணம் காய்ந்த இரும்பில் படும்போது வருகிற வாசம் நமக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த வாசம்.

வாங்கும்போது ரெண்டு விஷயம் பாருங்கள். தூக்கி எடை பாருங்கள். லேசாக இருந்தால் அது பெரும்பாலும் வார்ப்பு அலுமினியம். அதுவும் மோசமில்லை, சீக்கிரம் காயும், துரு பிடிக்காது, ஆனால் இரும்பு அளவுக்குச் சூடு தாங்காது. ஒரு காந்தம் கையில் இருந்தால் சந்தேகமே வேண்டாம், இரும்பில் ஒட்டும், அலுமினியத்தில் ஒட்டாது. அடுத்தது, மூடிப் பார்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். ரெண்டு தகடும் சுற்றிவர ஒரே சீராகச் சேர வேண்டும். ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தால் மாவு அந்த வழியே ஒழுகி அடுப்பை நாசமாக்கும். கைப்பிடியும் இரும்பாகவே இருந்தால் தடித்த துணி இல்லாமல் தொடாதீர்கள். அது அடுப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், குழந்தைகள் இருக்கிற வீட்டில் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். இண்டக்ஷன் அடுப்பில் வளைய அச்சு சரியாக வராது. தகடு மேற்பரப்பைத் தொடாமல் நிற்கும். இது நெருப்புக்கென்றே செய்த சாமான்.

சுட்டு முடித்தபின் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். சூடு கொஞ்சம் இருக்கும்போதே காய்ந்த தூரிகையால் துகள்களைத் தட்டிவிட்டு, எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போதும். ஏதாவது ஒட்டியிருந்தால் சுடுதண்ணீரில் தேய்த்து, உடனே அடுப்பில் வைத்து உலர்த்தி, மெல்லிய எண்ணெய் பூசுங்கள். ஜொகூரில் நவம்பரிலிருந்து மழை கொட்டும், துணி காயாது, உப்பு தண்ணி விடும். அந்த ஈரத்தில் மூடி வைத்த இரும்புக்குள் துரு தன்பாட்டுக்கு வளரும். ரெண்டு தகட்டுக்கும் நடுவில் மடித்த செய்தித்தாள் ஒன்றை வைத்தால் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் சும்மா வைக்காமல் சுட்டுக்கொண்டே இருப்பது எல்லாவற்றையும்விட நல்ல பராமரிப்பு.

துரு பிடித்துவிட்டால் பயப்படவும் வேண்டாம். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து அரைமணி நேரம் ஊறவைத்து, இரும்பு நாரால் தேய்த்து, கழுவி, அடுப்பில் உலர்த்தி, முதலில் சொன்ன மாதிரி நல்லெண்ணெய் பூசிப் பழக்குங்கள். எவ்வளவு பழைய அச்சானாலும் விரிசல் இல்லாதவரை திரும்பி வரும்.

இதை இவ்வளவு தூரம் எழுதக் காரணம் உண்டு. தோட்டத்து லயங்களிலிருந்து தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்கு நம் குடும்பங்கள் குடிவந்தபோது, இரும்புச் சட்டியும் தோசைக்கல்லும் பணியாரக்கல்லும் பித்தளை முறுக்கு அச்சும் கூடவே வந்தன. ஒட்டாத பாத்திரங்கள் வந்தபின் அவை அடுப்புக்குக் கீழே போயின, பிறகு கொல்லைப்புறம் போயின. இப்போது ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு, பழைய செய்தித்தாள், பழைய இரும்பு என்று கூவிக்கொண்டு லாரி வருகிறது. கிலோவுக்குச் சில்லறைக் காசு கொடுத்து அத்தனையும் அள்ளிக்கொண்டு போகிறது. பக்கத்து வீடுகளில் குவே காப்பிட் அச்சுகளும் அதே லாரியில்தான் ஏறுகின்றன.

அடுத்த முறை அந்த லாரி உங்கள் தெருவுக்கு வருவதற்கு முன்னால், கொல்லைப்புறத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாட்டியின் கல்லோ, யாரோ கொடுத்த பழைய வாஃபிள் அச்சோ இருந்தால் எடுத்துத் தேய்த்து எண்ணெய் பூசுங்கள். இந்த வாரக் கடைசியில் அதில் ஒரு ஈடு இட்லி மாவு ஊற்றிப் பாருங்கள். உங்களுக்கு வேண்டாம் என்றால் சுடத் தெரிந்த யாருக்காவது கொடுங்கள், லாரிக்குக் கொடுக்காதீர்கள்.